சூடான கர்கதே

"இன்னிக்கு அந்த டீக்காரனை விடப்போறதில்லை!"

நஷ்வா பல்லைக் கடித்துக்கொண்டாள். தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டர். இப்போது மாறுவேடத்தில், கறுப்பு அபாயா அங்கியும் கையில் கீரைக் கட்டுமாக, கெய்ரோவின் ஷுப்ரா சந்தில் காய்கறிக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

எதிரே ஹஜ் மித்வல்லியின் சட்டை தைக்கும் பட்டறை. சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருப்பதாகப் புகார். இரண்டு முறை சோதனை போட்டாகிவிட்டது. இரண்டு முறையும் உள்ளே ஒரு பிள்ளைகூட இல்லை.

ஆனால், தையல் மெஷின் பெடல்கள் மேல் செங்கல் கட்டி வைத்திருந்தது.

"கால் எட்டாதவங்களுக்குத்தானே இது? யாரு அவங்க, ஹஜ்?" என்று அன்று கேட்டாள்.

"எங்க ஆளுங்க கொஞ்சம் குள்ளம், டாக்டர்!" என்று சிரித்தார் மித்வல்லி. படித்த பெண் யாராக இருந்தாலும் அந்தச் சந்துக்கு டாக்டர்தான்.

காய்கறிக்காரிதான் பிறகு ரகசியத்தை உடைத்தாள்.

"வாசல்ல டீ விக்கறாரே ஷெஹாத்தா, அவருக்கு ஹஜ் மாசச் சம்பளமே குடுக்கறாரு. உங்க ஜீப்பைப் பார்த்தா 'கர்கதே'ன்னு கத்துவாரு. அந்தப் பட்டறையில செம்பருத்தி டீ எவன் குடிக்கறான்? புள்ளைங்க பின்பக்கமா பறந்துடும்!"

பாவி! நாலு காசுக்காகப் பிள்ளைகளை ஒளித்துவைக்கிறானே!

அதனால்தான் இன்றைக்கு ஜீப் இல்லை. ஆபீசில்கூட யாருக்கும் சொல்லவில்லை.

"கர்கதே! சூடான கர்கதே!"

நஷ்வாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எப்படிக் கண்டுபிடித்தான்?

கீரையைப் போட்டுவிட்டு ஓடினாள். பின் சந்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் தலைதெறிக்கப் பாய்ந்து, ஒரு பழைய கட்டடத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தன. அபாயாவைத் தூக்கிப் பிடித்தபடி இவளும் ஏறினாள். முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி... மூச்சு வாங்கியது. விடவில்லை.

மொட்டை மாடி. புறாக்கூண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை.

மாட்டிக்கிட்டீங்களா!

கதவைத் தள்ளினாள். "யாரும் அசையக் கூடாது!"

யாரும் அசையவில்லை. பாயில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மடியில் புத்தகம். பலகையில் பின்னக் கணக்கு. சாக்பீஸும் கையுமாக ஓர் இளம்பெண் விழித்துக்கொண்டு நின்றாள்.

"இவங்க புது டீச்சரா, மிஸ்?" என்றாள் முன்வரிசைச் சிறுமி.

பின்னாலேயே தட்டும் கையுமாக ஷெஹாத்தா வந்து சேர்ந்தார். நஷ்வாவின் முகத்தைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"ஐயோ, டாக்டர்! அடுத்த மாசம் இதுங்களுக்குப் பரீட்சை. பாஸானா அரசாங்கப் பள்ளிக்கூடம், வீட்டுக்கு உதவித்தொகை. அப்புறம் பட்டறைப் பக்கமே எட்டிப் பார்க்க வேணாம். இப்பப் பிடிச்சுப் பட்டறைக்குப் பூட்டு போட்டீங்கன்னா, பெத்தவங்க நாளைக்கே வேற பட்டறையில சேர்த்துடுவாங்க. அங்கே கத்தறதுக்கு நான் இருக்க மாட்டேனே!"

"அதெல்லாம் இருக்கட்டும். நான் வர்றது எங்க ஆபீசுக்கே தெரியாது. உனக்கு யாருய்யா சொன்னது?"

"யாரும் சொல்லலியே! உங்களைப் பார்த்து எனக்கே இப்பத்தான் ஈரக்குலை நடுங்குது."

"அப்ப எதுக்கு 'கர்கதே'ன்னு கத்தினே?"

"தினமும்தான் கத்தறேன்! நீங்க எப்பவோ ஒருநாள் வர்றீங்க. நான் உங்க பேரைச் சொல்லி தினமும் ஒரு மணி நேரம் இதுங்களை இங்கே ஓட்டிக்கிட்டு வந்துடறேன். சந்து முனையில ஜீப்பு நிக்குதுன்னு சொன்னா போதும், ஹஜ்ஜே பின்கதவைத் திறந்து 'ஓடுங்க, ஓடுங்க'ன்னு விரட்டறாரு!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன.

ஷெஹாத்தா தட்டைக் கீழே வைத்தார். தலையைச் சொறிந்தார்.

"டாக்டர், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? பரீட்சை நெருங்குது. ஒரு மணி நேரம் பத்தலை. நாளையிலேருந்து நீங்க நிஜமாவே வந்து, பட்டறை வாசல்ல நாள் பூரா உட்கார்ந்திருக்க முடியுமா?"