சூடு போகுது

ஊட்டியில் உறைபனி. வீட்டிலிருந்து சூடு கசிந்தால் பழைய ஹீட்டர் ஈடுகொடுக்க முடியாமல் திணறி அணைந்துவிடும். பிறகு மறுநாள்தான் எரியும். அதனால் தாமோதரன் சந்துபொந்தெல்லாம் பழைய சேலையைத் திணித்து, ஜன்னலில் பபுள் ஷீட் ஒட்டியிருந்தார்.

மகள் மிருதுளா புகுந்த வீட்டுக்குக் கிளம்பினாள். வெளியே போய்ச் செருப்பை மாட்டியவள், "அம்மா, ஒண்ணு சொல்லணும்..." என்று திரும்பினாள்.

"சூடு போகுதும்மா, போன்ல சொல்லு!" தாமோதரன் கதவைச் சாத்திவிட்டார்.

உள்ளே இருந்த அம்மா சுலோச்சனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு நாளாக வாய் திறக்காத பெண், வாசலில் என்ன சொல்ல வந்தாள்? ஜன்னலுக்கு ஓடினாள். ஷீட் வழியே கலங்கலாகத்தான் தெரிந்தது.

"உட்காரேன்டி!" என்று தாமோதரன் மனைவியை அதட்டினார்.

அவள் ஷீட்டைக் கிழித்தெறிந்தாள். ஹீட்டர் அணைந்தது.

மிருதுளா போயிருக்கவில்லை. சாத்திய கதவிடம், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.