மூன்றாவது முகம்

கிடங்கு வாசலில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. உள்ளே, இலவசத் தையல் மெஷினில் ஒட்டியிருக்கும் படத்தைக் கிடங்குக்காரர் பிளேடால் சுரண்டுகிறார். போன மாதம் வரை நாட்டை ஆண்ட தளபதியின் படம் அது. தொப்பி உரிந்து வந்ததும் அடியில் பழைய மன்னரின் கிரீடம் எட்டிப் பார்க்கிறது. "இவரு வேற இன்னும் இருக்காரா?" என்று சலித்துக்கொண்டே ஈரத்துணியை எடுக்கிறார். கசங்கிய டோக்கனோடு தையல்காரி எதிரில் நிற்கிறாள். "அண்ணே, மன்னர் காலத்துலயே என் பேரு லிஸ்ட்டுல வந்துருச்சு. படம் எதுக்குண்ணே? அப்படியே குடுத்துருங்களேன்." "நல்லா இருக்கே! இது நாம ஓட்டுப் போட்டு வந்த ஆட்சிம்மா. தலைவர் படம் இல்லாம ஒரு ஊசிகூட வெளிய போகக் கூடாதுன்னு உத்தரவு." புதுப் படத்தை ஒட்டி, குமிழி விழாமல் உள்ளங்கையால் நீவிவிடுகிறார். எண்ணெய் விடச் சொல்லி மட்டும் எந்த ஆட்சியிலும் உத்தரவு வந்ததில்லை. தையல்காரி சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கிறாள். அசையவில்லை. ஒரு கையால் மெஷினை அழுத்திப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுற்றுகிறாள். துருப்பொடிதான் விரல்களில் ஒட்டுகிறது. "அண்ணே, இது ஓடலையே!" அவர் வாய் திறப்பதற்குள், வழங்குவதைப் படமெடுக்க வந்திருக்கும் அரசுப் புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கிவிடுகிறார். "கையை எடுங்கம்மா. தலைவர் முகத்தை மறைக்குது."