ஒரு நிமிடம்தான் தேட வேண்டும்

ஆல்வினின் தோள்வாரை இழுத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

இடுப்பு பக்கிள். அதுவும் சரி.

முதுகில் தொங்கிய காற்று சிலிண்டரின் திருகைத் தொட்டார். கை அங்கேயே சற்று நின்றது.

கடலுக்குள் ஜோடியாக முங்குகிறவர்கள் படகில் வைத்தே ஒருவருடைய மூச்சை இன்னொருவர் சோதித்துவிட வேண்டும். அதுதான் வழக்கம். போன வருடம் இதே ஆல்வினின் திருகைச் சோதித்தது தரணி. அவருடைய ஒரே மகன்.

மேலே வந்தது ஆல்வின் மட்டும்.

திருகு திறந்திருந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்தார்.

பிறகு ஆல்வின் அவருடைய வார்களைச் சோதித்தான். ஆக்லாந்தில் மகனோடு ஒரே அறையில் இருந்தவன். வார்த்தைக்கு வார்த்தை அவரை அப்பா என்று கூப்பிட்டவன். இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. நியூசிலாந்துக் காற்று பல்லைக் கிட்ட வைத்தது.

ஐம்பத்தெட்டு வயதில் ரப்பர் உடுப்புக்குள் தொப்பையைத் திணிப்பது லேசுப்பட்ட காரியமா? பொள்ளாச்சிக் கிணறுகளில் குதித்ததைத் தவிர அவருக்குத் தண்ணீரோடு வேறு சகவாசம் கிடையாது. புதுச்சேரிக்குப் போய்க் கடலில் முங்கப் பழகினார். மனுசனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பையன் கடைசியாகப் பார்த்ததைத் தானும் பார்க்க வேண்டும். கூட்டிக்கொண்டு போ என்று ஆல்வினுக்குப் போன் செய்தார். அவன் போனை எடுத்ததே ஆச்சரியம்.

ஏனென்றால் அதற்கு முன்னால் அவர் பேசியது பையனின் பெட்டி வந்து இறங்கிய அன்று.

"ஒரு நிமிசந்தான் தேடுனியா?"

அவன் அழுதுகொண்டே சொன்னான். கூட வந்தவரைக் காணவில்லை என்றால் ஒரு நிமிடம் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் மேலே போய்விட வேண்டும். காணாமல் போனவரும் அதே மாதிரி மேலே வந்துவிடுவார். எல்லா நாட்டிலும் இதுதான் சட்டம்.

சட்டமாம் சட்டம். ஆட்டுக்குட்டி தொலைந்தால்கூட விடிய விடியத் தேடுகிற ஊர் அவருடையது. போனை வைத்துவிட்டார்.

முங்கினார்கள்.

கழுத்து வழியாகக் குளிர் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் உடம்பு பழகிக்கொண்டது.

படகை நிறுத்தியிருந்த தீவின் பாறைச் சரிவெல்லாம் பாசி. ஆள் உயரத்துக்கு வளர்ந்து, காற்றடிக்கும்போது சோளக்காடு சாய்கிற மாதிரி சாய்ந்தது, நிமிர்ந்தது.

ஆல்வின் ஒரு பிளவைக் கைகாட்டினான். பாசியில் வார் சிக்கி, தரணி கிடந்த இடம்.

பார்த்தார்.

பாறை. பாசி. ஒரு நத்தை.

இதற்காகவா இத்தனை தூரம் வந்தோம் என்றிருந்தது. அழுகைகூட வரவில்லை.

அப்போது அந்த மீன் வந்தது.

அந்தத் தீவைச் சுற்றி யாரும் தூண்டில் போடக் கூடாது. வலை வீசக் கூடாது. அதனால் அங்கே மீன்களுக்கு மனிதனைக் கண்டால் பயமில்லை. நல்ல நீலமாய் ஒன்று நேராக முகக்கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று, யாரய்யா நீ என்பது போல் பார்த்தது. அவர் நகர்ந்தார். கூடவே நகர்ந்தது. இன்னொன்று வந்தது. அப்புறம் ஒரு கூட்டமே வந்துவிட்டது. கையை நீட்டினார். ஒன்றுகூட விலகவில்லை.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மகன் செத்த இடத்தில்.

தரணி வாராவாரம் கடலுக்குள் எடுத்த போட்டோ அனுப்புவான். திறந்துகூடப் பார்க்காமல் 'நல்லாருக்குது சாமி' என்று பதில் போடுவார்.

திரும்பினார்.

ஆல்வினைக் காணவில்லை.

இந்தப் பக்கம் பாசி. அந்தப் பக்கம் பாசி. மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அவன் விட்ட குமிழி ஒன்றுகூட இல்லை. பேரைச் சொல்லிக் கத்தினார். கத்தியதெல்லாம் அவருடைய குமிழியாகவே மேலே போனது. இரண்டு கையாலும் பாசியை விலக்கினார். விலகிய இடம் மறுபடி மூடிக்கொண்டது. பிளவுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். அந்த மீன்கள் வேறு, விளையாட்டு என்று நினைத்துப் பின்னாலேயே வந்தன.

தூத்துக்குடியில் அந்தப் பையனுக்கும் ஒரு தகப்பன் இருக்கிறார். அவருக்கு யார் போன் செய்வது? என்னவென்று சொல்வது?

கடிகாரத்தைப் பார்த்தார். நிமிடம் முடிந்திருந்தது.

இன்னும் கொஞ்சம் தேடலாம் என்றது மனசு. காற்றின் அளவைக் காட்டும் முள் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. போனால்தான் மேலே இருக்கிறானா என்று தெரியும். போகவும் முடியவில்லை. கால் வரவே மாட்டேன் என்றது.

கடைசியில் உதைத்தார். கீழே பார்த்துக்கொண்டே, சொல்லிக்கொடுத்தபடி மெதுவாக மேலே போனார். கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கியது.

ஆல்வினும் அன்றைக்கு இப்படிக் கீழே பார்த்துக்கொண்டேதானே போயிருப்பான்.

தலை வெளியே வந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது.

சற்றுத் தள்ளி ஆல்வின் மிதந்துகொண்டிருந்தான். உயிரோடு. முழுசாக. அவருக்கு முதுகைக் காட்டி, வெறும் கடலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"தரணீ... டேய் தரணீ..."

படகில் இருந்தவர்கள் அவனைக் கூப்பிட்டு, பின்னால் பார் என்று கைகாட்டினார்கள். அவன் காதில் எதுவும் விழவில்லை. மறுபடியும் அதே பெயரைத்தான் கூப்பிட்டான். குரல் உடைந்துவிட்டது.

அவர் வாயிலிருந்த குழாயை எடுத்தார். அலை ஒன்று அடித்து உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் போனது. இருமினார்.

"இங்கதான் இருக்கறேன் கண்ணு," என்றார். "மேல வந்துட்டேன்."