நாலாவது சக்கரம்

'கடை மூடியாச்சு' என்று அட்டையில் எழுதித் தன் ஒர்க்‌ஷாப் கதவில் மாட்டினான் வெர்னன். இனி ஸ்பேனரைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டான். முப்பது வருஷம் கட்டிக் காத்த பேர், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாறிப்போனது.

நடந்தது இதுதான். அவன் சிநேகிதன் ஓடிஸ், தன் எழுபதாம் வருஷத்து மஞ்சள் டாட்ஜ் காருக்கு அகலமான அலுமினியச் சக்கரம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். வீல்கப் போட்டு மூடாமல், நட்டெல்லாம் பளபளவென்று வெளியே தெரிகிற ரகம். மட்கார்டில் உரசாதபடி அளவெடுத்து, பார்த்துப் பார்த்து மாட்டினான் வெர்னன்.

"இந்த நட்டு இதுக்கு மட்டும்தான்டா. பழைய சக்கரத்துல சரியா உக்காராது" என்று படித்துப் படித்துச் சொல்லியும் அனுப்பினான்.

புதுச் சக்கரம் மாட்டினால் ஐம்பது மைல் ஓட்டிவிட்டு வந்து நட்டை மறுபடி இறுக்க வேண்டும். சனிக்கிழமை காலை அதற்காக ஓடிஸ் வந்தான். மூன்று சக்கரம் முடிந்து, நாலாவதுக்குப் போகும்போது போன் அடித்தது. பேசிவிட்டு வந்து அதை இறுக்கினோமா, இல்லையா? மண்டையை உடைத்துக்கொண்டாலும் வெர்னனுக்கு ஞாபகம் வரவில்லை. "எல்லாம் ஆச்சு, கிளம்பு" என்று வாய் கூசாமல் சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது.

மறுநாள் டேட்டன் கார் கண்காட்சிக்குப் போகிற வழியில் கழன்று ஓடியது அந்த நாலாவது சக்கரம்தான். கார் சோளக்காட்டில் பாய்ந்தது. ஓடிஸுக்குத் தொடை எலும்பு முறிந்தது.

மூன்று வாரமாக வெர்னன் ஓடிஸின் தெருப்பக்கமே தலை காட்டவில்லை. சர்ச்சில்கூடக் கடைசி பெஞ்சில் ஒதுங்கி, பாட்டு முடிவதற்குள் நழுவினான். இன்று ஓடிஸின் மனைவி லோரெட்டாவே வந்து நின்றாள். அவர் தூங்குவதே இல்லை, உங்கள் பேரைச் சொல்லித்தான் புலம்புகிறார், ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள் என்றாள். சாபம் விடுகிறான் போலிருக்கிறது, வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று பின்னாலேயே போனான் வெர்னன்.

வாசலில், காட்டுக்காரர் பொறுக்கிக் கொண்டுவந்து போட்ட நசுங்கிய வீல்கப்பும் கண்ணாடித் துண்டுகளும் ஓரமாகக் கிடந்தன. அதையெல்லாம் பார்க்கவே கூசி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான்.

கட்டிலில் கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்த ஓடிஸ், இவனைக் கண்டதும் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டான்.

"என்னை மன்னிச்சிருடா. அந்த நாலாவதை நான் இறுக்கவே இல்ல போலிருக்கு. கடையைக்கூட மூடிட்டேன்" என்றான் வெர்னன்.

ஓடிஸ் மெல்லத் திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"போய் முதல்ல கடையைத் திற. மூஞ்சில முழிக்க முடியாம கிடக்கிறவன் நான்தான்டா. கண்காட்சியில, கம்பெனி விட்டபடியே இருக்கிற வண்டிக்குத்தான் கோப்பைன்னு சனிக்கிழமை சாயங்காலம் சொன்னாங்க."

"அதுக்கு?"

"நீ மாட்டின நாலும் கீழ் அறையில போர்வை போத்திக் கிடக்கு. உன் நட்டை மட்டும்தான் பழைய சக்கரத்துல போட்டேன்."