முன்தேதியிட்டு முடிந்த திருமணம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் வேலாங்குளம் ஊர்ச் சபை கூடித் தன் சாசனத்தைத் திருத்தியது. ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை கணவனும் மனைவியும் வந்து கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்காவிட்டால் திருமணம் காலாவதியாகிவிடும். "ஊர்க் கூட்டத்துக்கு இதுக்கெல்லாம் ஏது அதிகாரம்?" என்று தணிகாசலம் சிரித்தான். தங்கள் முறை வந்தபோது அவனும் போகவில்லை, மனைவி மரகதமும் போகவில்லை.

சென்ற வாரம் மாநிலச் சட்டமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று சட்டம் இயற்றியது. அதுவும் ஊர் கூடி முடிவெடுத்த நாள் முதலே செல்லும். திங்கட்கிழமை காலை கடிதம் வந்தது. மரகதம் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படித்தாள். பதினாறு வருடத் திருமணம் இரண்டு வருடங்களுக்கு முன்பே முடிந்து போயிருந்தது.

"ஒரு கையெழுத்துதானே? சட்டையை மாட்டிட்டு வர்றேன், நீயும் கிளம்பு," என்றான் தணிகாசலம்.

மரகதம் கிளம்பவில்லை. பதினாறு வருடங்களுக்கு முன் அப்பா தட்டு மாற்றிவிட்டு வந்த பிறகுதான் மாப்பிள்ளையின் பெயரே அவளுக்குத் தெரிந்தது.

"புதுப்பிக்கிற கெடு தாண்டிடுச்சுங்க. இனி புதுசாத்தான் கல்யாணம் பண்ணணும்," என்றாள். "அப்ப என்னைக் கேக்கணும்ல?"

ஒரு கையை மட்டும் சட்டைக்குள் விட்டபடி அவன் நின்றான். கேலி செய்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தான். அப்படித் தெரியவில்லை.

"மரகதம்... என்னைக் கட்டிக்கிறியா?"

கேட்டதும் சரி என்று சொல்லிவிடுவோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"ரெண்டு நாள் டைம் குடுங்க," என்றாள்.