சார்ஜன்டுக்கு இருபத்தேழு ஹார்ட்

"இருபத்தேழு ஹார்ட், ஐயா! நான் இருந்து எண்ணினனான்" என்று புனிதம் தன் போனைத் தவராசாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "கலியாணம் கட்டி முப்பது வருசம். என்ர மனுசனுக்கு நான் ஒண்டுகூடப் போடேல்ல."

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் சங்கத்துக்குப் புனிதம் செயலாளர், தவராசா தலைவர். சண்டை முடிந்த நாளில், கையில் காயத்தோடு நின்ற மகன் நிரஞ்சனை, "பதிஞ்சிட்டு விடுவினம், போ" என்று சொல்லித் தன் கையாலேயே ஆமியிடம் ஒப்படைத்தவர் தவராசா. தலைவர் பதவிக்கு அதைவிடப் பெரிய தகுதி வேறு ஒருவருக்கும் இருக்கவில்லை. பதினாறு வருடமாக அவர் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: அப்படி ஒருவரை நாங்கள் பொறுப்பேற்கவில்லை.

விசுவமடுவில் சங்க உறுப்பினர் ராஜினியின் முற்றத்தில் இருவரும் விசாரணைக்கு வந்து நின்றார்கள். சாக்கை விரித்துக் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்த ராஜினி, எழுந்து கதிரை கொண்டுவந்து போட்டாள். தவராசா இருக்கவில்லை. விசாரிக்க வந்தவர் இருந்துவிட்டால், பிறகு தேத்தண்ணி வரும். தேத்தண்ணி வந்தால் விசாரணை போய்விடும்.

ஹார்ட் வாங்கிய மகராசன் பெயர் விமலசேன. ஓய்வுபெற்ற சார்ஜன்ட். கடைசிச் சண்டையில் இந்த ஊர்ப்பக்கம் ஆமியோடு நின்றவர். இப்போது பொழுது போகாமல் பேஸ்புக்கில் தன் வீரத்தைத் தவணை முறையில் வெளியிட்டுக்கொண்டிருந்தார். எரிகிற வீட்டுக்கு முன்னால் சிரித்தபடி ஒரு படம். யாரோ ஒருத்தியின் தையல் மெசினில் சப்பாத்துக் காலைத் தூக்கி வைத்தபடி ஒரு படம். ஆணைக்குழுவுக்கு மேல் ஆணைக்குழு வைத்துத் தேடியும் ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. பாவம் விமலசேனவுக்கு மட்டும் எல்லாம் நல்ல ஞாபகம்.

"கீழ எழுதியிருக்கிறதைக் கேளுங்கோ" என்றாள் புனிதம். "'வீர அண்ணா, அந்த நாளில நீங்கள் என்ன வடிவு!' வடிவாம்! மண்ணெண்ணெய்ப் பரல் மாதிரி நிக்கிறான்."

"பிள்ளை, இது நீ எழுதினதோ?"

"ஓம் ஐயா. முகாமில பழகின சிங்களம். எழுத்துப்பிழை இருக்கும்."

"எழுத்துப்பிழைதான் இப்ப பெரிய பிரச்சினை!" என்றாள் புனிதம். "தமிழிச்சி எண்டு அவனுக்குத் தெரியாதோ?"

"ராஜினி எண்டு சிங்கள ஆக்களிலயும் இருக்கினம்தானே, அக்கா. அந்தாள் கேக்கேல்ல. நானும் சொல்லேல்ல."

தவராசா தொண்டையைச் செருமினார். "பகல்ல போராட்டக் கொட்டகையில சுதாகரன்ர படத்துக்குக் கீழ இருந்து புருசனைத் தா எண்டு கேக்கிறாய். பின்னேரம் வீட்ட வந்து, கொண்டுபோனவனுக்கு ஹார்ட் போடுறாய். நாளைக்கு எங்கட பட்டியல் கொழும்புக்குப் போகுது. நீ இதை நிப்பாட்டாட்டி, சுதாகரன்ர பேரை வெட்டிப்போட்டுத்தான் அனுப்புவம். நிர்வாகத்தின்ர தீர்மானம்."

கச்சான் உடைத்த விரல்கள் நின்றன. "பேரை மட்டும் வெட்டாதேங்கோ ஐயா."

"அப்ப நிப்பாட்டு."

"இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கோ."

"ஏன், சார்ஜன்டுக்குப் பிறந்தநாள் வருதோ?" என்றாள் புனிதம்.

"போராட்டம் எண்டா என்னெண்டு தெரியுமோ பிள்ளை?" தவராசாவின் குரல் மேடைக்கு ஏறியது. "போன மாசம் சங்கத்து ஆக்கள், வெளிநாட்டுப் பெடியள் எண்டு முந்நூறு பேர் சேர்ந்து அவனைக் கிழி கிழியெண்டு கிழிச்சம். பயந்து ஒரே ராவில ஆறு படத்தை அழிச்சுப்போட்டான். அதுதான் வெற்றி!"

"அந்த ஆறு படத்திலயும் என்ன இருந்தது ஐயா?"

தவராசா புனிதத்தைப் பார்த்தார். புனிதம் தென்னைமரத்தைப் பார்த்தாள்.

"ஆர் பாத்தது? நாங்கள் ஏசினதோட சரி" என்றார் தவராசா.

"நானும் பாக்கேல்ல. நான் வாறதுக்குள்ள அழிச்சிட்டார்." ராஜினி கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்தாள். "ஏசினா அழிக்கிறார் ஐயா. புகழ்ந்தா இன்னும் போடுறார். ஒவ்வொண்டையும் உடன இறக்கி மூண்டு இடத்தில வைச்சிருக்கிறன். 'அண்ணா, சரணடைஞ்ச ஆக்களைப் பஸ்ஸில ஏத்தின நாள் படம் இருக்கோ, பாக்க ஆசையா இருக்கு' எண்டு போன கிழமை கேட்டனான். இண்டைக்குக் காலமை போட்டிருக்கிறார், தேதியும் போட்டு. 'தங்கச்சி ராஜினிக்காக' எண்டு மேல எழுதியும் இருக்கு."

புனிதத்தின் வாய் முதன்முறையாகத் தடுமாறியது. "சுதாகரன்... நிக்கிறானோ?"

"இல்லை அக்கா. அவர் இன்னும் வரேல்ல."

அவள் போனைத் தவராசாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒரு பஸ். பக்கத்தில் பெருவிரலை உயர்த்தியபடி, மண்ணெண்ணெய்ப் பரலேதான், விமலசேன. பின்னால் நிலத்தில் குந்தியிருந்த வரிசையில், மூன்றாவதாக ஒரு பெடியன். காயப்பட்ட கை கழுத்தில் தொங்கியது. தாயின் சேலையைக் கிழித்துத் தவராசா தன் கையாலேயே போட்டுவிட்ட முடிச்சு, தோளில் அப்படியே இருந்தது.

தவராசா கதிரையில் இருந்தார். ராஜினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் தன் போனை எடுத்தார்.

"பிள்ளை, இந்த ஹார்ட்டை எங்க அமத்துறது?"