முத்துத்தாய் வண்டி நிழல்

கல்லுப்பட்டி ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள், நாகஜோதியின் கம்மங்கூழ் வண்டிக்கு நிழல் தந்த புளியமரத்தை வெட்டினார்கள். எதிர்ச்சாரியில் கூழ் விற்கும் முத்துத்தாயின் மரம் அளவுக்குள் வராமல் தப்பித்தது. நாகஜோதிக்கு வயிறு எரிந்தது.

"அண்ணே, அதுவும் ரோட்டை மறைக்குதுல்ல?"

"ஒண்ணுக்குப் பத்து நட்டுட்டாப் போச்சு" என்று காண்ட்ராக்டர் அதையும் சாய்த்தார்.

மறுநாள் உச்சிவெயிலில், முத்துத்தாய் வண்டியைச் சுற்றி மரமில்லாமலே நிழல் அப்படியே கிடந்தது. கூட்டம் அதில் உட்கார்ந்து கூழ் குடித்தது. யாரும் மேலே பார்க்கவில்லை.

பொறுக்கமாட்டாமல் நாகஜோதி ரோட்டைத் தாண்டினாள்.

"வாக்கா, எம்புட்டு வெயிலு! இப்படி உக்காரு" என்று முத்துத்தாய் பெஞ்சைத் துடைத்துவிட்டாள்.

உட்கார்ந்தாள். அவள் இருந்த இடத்தில் மட்டும் நிழல் விலகி வெயில் விழுந்தது. பெஞ்சின் அடுத்த ஓரத்துக்கு நகர்ந்தாள். வெயிலும் கூடவே நகர்ந்து வந்தது.